ஏடிபிஎல்: மணித்தியாலத்தை எண்ணும் முன் கையெழுத்தைப் பாருங்கள்

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் விமானிப் பயிற்சி விளம்பரங்கள் வட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கிவிடும். ‘18 மாதத்தில் ஏடிபிஎல்’ (பெரிய பயணிகள் விமானத்தின் கப்டனுக்கு வேண்டிய விமான சேவை விமானி உரிமம்) என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். வயல் காணியின் உறுதியை வங்கியில் வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு எழுவது அந்த ஒரு வரியை நம்பித்தான். அதனால் அந்த வரியிலிருந்தே தொடங்குவோம்.

18 மாதத்தில் யாருக்கும் ஏடிபிஎல் கிடைக்காது. கிடைப்பது சிபிஎல், அதாவது வணிக விமானி உரிமம். அதோடு பல எஞ்சின் அனுமதியும், கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் எடுத்து, ஏடிபிஎல் எழுத்துப் பரீட்சைகளிலும் சித்தியடைந்திருந்தால் அந்த நிலையை ‘ஃப்ரோசன் ஏடிபிஎல்’ என்பார்கள். உறைந்து கிடக்கிற உரிமம் என்று பொருள். அது தொழிலில் உள்ளவர்கள் வாய்ப் பேச்சில் வைத்த பெயர். எந்த அதிகாரசபையும் அந்தப் பெயரில் உரிமம் அச்சடிப்பதில்லை. உறைந்தது உருகுவதற்கு 1,500 மணித்தியாலம் வேண்டும். எக்ஸாமினர் ஒருவர் முன்னால் நேரடிப் பரீட்சை ஒன்றிலும் தேற வேண்டும். 200 மணித்தியாலத்தில் சிபிஎல் எடுக்கும் பிள்ளைக்கு இன்னும் 1,300 மணித்தியாலம் பாக்கி. விளம்பரத்தில் வராத பகுதி அதுதான்.

அந்த 1,500 என்ற எண் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. தெரியாமல் இருப்பது, ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் பின்னால் தகுதி உள்ள ஒருவரின் கையெழுத்து நிற்க வேண்டும் என்பது. யார் சொல்லித் தந்தார், யார் மேற்பார்வை செய்தார், யார் பரீட்சித்தார் என்பது சரியில்லாவிட்டால் பறந்த மணித்தியாலம் விண்ணப்பத்தில் நிற்காது. பணமும் போய் வருடமும் போவது அந்த இடத்தில்தான். இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றியதே.

காசு கட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ். பலர் பயிற்சிப் பள்ளியில் முற்பணம் கட்டிவிட்டுத்தான் மருத்துவரிடம் போகிறார்கள். முறையே தலைகீழ். சர்வதேச விதிப்படி ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாக 6/9, இரண்டு கண்ணும் சேர்ந்து 6/6 பார்வை வேண்டும். கண்ணாடி போட்டு அந்த அளவு வந்தாலும் போதும், ஆகவே கண்ணாடி போட்டிருப்பதால் மட்டும் யாரும் மனம் தளர வேண்டாம். நிறக்குருடு வேறு விஷயம். புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அந்தப் படத்தாள்களில் தடுமாறினால் மேலதிக சோதனைக்கு அனுப்புவார்கள். அதிலும் தவறினால் விமான சேவை விமானி என்ற கனவு அங்கேயே நின்றுவிடும். நிறக்குறை பிறவியில் வருவது, ஆண் பிள்ளைகளிடம் கூடுதலாக இருப்பது, பலருக்குப் பதினெட்டு வயதுவரை தெரியாமலே இருப்பது. காணியை ஈடு வைப்பதற்கு முன்னால் தெரிந்துகொள்வது எவ்வளவோ மேல். இந்தச் சான்றிதழ் 12 மாதத்துக்குத்தான் செல்லும், 60 வயது தாண்டினால் 6 மாதத்துக்கு. தொழில் முழுவதும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

1,500க்குள் என்ன இருக்கிறது

விமானி உரிமத்தின் அடிப்படை விதிகள் 1944இன் சிகாகோ உடன்படிக்கையிலிருந்து வருபவை. அதன் முதலாம் இணைப்பில் ஐகாவோ எனும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு குறைந்தபட்ச அளவுகளை வைத்திருக்கிறது. ஒவ்வொரு நாடும் அதற்குக் குறையாமல் தன் விதியை எழுதிக்கொள்கிறது. நமக்கு இலங்கை சிவில் விமான சேவைகள் அதிகாரசபை, அமெரிக்காவுக்கு எஃப்ஏஏ, ஐரோப்பாவுக்கு ஈயாசா. பிரித்தானியா 2021 ஜனவரி முதல் ஈயாசாவுக்கு வெளியே தனியாக நிற்கிறது. லண்டனில் எடுத்த உரிமம் ஐரோப்பா முழுக்கச் செல்லும் என்று இன்னும் யாராவது சொன்னால் அது பழைய கதை.

ஐகாவோ அளவுப்படி வயது 21. மொத்தம் 1,500 மணித்தியாலம். அதற்குள் விமானத்தின் பொறுப்பு விமானியாக 250 மணித்தியாலம் வேண்டும். அந்த 250இல் குறைந்தது 70 உண்மையாகவே பொறுப்பில் பறந்ததாக இருக்க வேண்டும். மிச்சம் கப்டனின் மேற்பார்வையில் பொறுப்பு விமானியின் வேலையைச் செய்ததாக இருக்கலாம். இதைத் தொழிலில் ‘பிக்கஸ்’ என்பார்கள். முழுவதும் பிக்கஸாகவே காட்டுவதென்றால் 500 மணித்தியாலம் வேண்டும். ஊர்விட்டு ஊர் போகும் குறுக்குப் பயணம் 200, அதில் 100 பொறுப்பு விமானியாகவோ பிக்கஸாகவோ. கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்தது 75, அதில் 30க்கு மேல் தரையில் செய்ததாக இருக்கக் கூடாது. இரவுப் பறப்பு 100. விமானி அறையைப் போலவே தரையில் அமைத்த சிமியுலேட்டரில் செய்ததில் 100 மணித்தியாலம் வரை மொத்தத்தில் சேர்க்கலாம், அதற்குள் சாதாரணப் பயிற்சிக் கருவிகளுக்கு 25 மட்டுமே.

இரண்டு விமானிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சிபிஎல் எடுத்த கையோடு பயிற்றுநராகி, பகலில் செஸ்னா 172இல் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து 1,560 மணித்தியாலம் சேர்த்தவர். பொறுப்பு விமானியாக 1,400 இருக்கும். ஆனால் இரவு 18, கருவி 32. அவரால் விண்ணப்பிக்க முடியாது. இன்னொருவர் நேரே ஜெட் விமானத்தின் வலது இருக்கைக்கு, அதாவது கோ பைலட்டாகப் போனவர். மொத்தம் 1,500 சரி, இரவும் கருவியும் தாராளம். பொறுப்பு விமானியாக சிபிஎல் காலத்து 100 மட்டுமே. அவராலும் முடியாது, இன்னும் 150 மணித்தியாலம் பிக்கஸ் வேண்டும். மொத்தம் ஏறக்குறைய ஒன்று, குறை மட்டும் நேர் எதிர். இரண்டாமவரின் குறை இன்னும் கசப்பானது. அந்த 150 மணித்தியாலத்தையும் அவர் பறந்திருப்பார். கப்டன் பக்கத்தில் இருந்திருப்பார். ஒவ்வொரு பறப்பு முடிந்ததும் லொக்புக்கில், அதாவது தன் பறப்புப் பதிவேட்டில், கப்டனின் ஒப்பம் வாங்காமல் விட்டிருப்பார். இரண்டு வருடம் கழித்து அந்தக் கப்டன் வேறு நாட்டில் வேறு நிறுவனத்தில் இருப்பார்.

பிக்கஸுக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. அந்தப் பறப்பில் பாதுகாப்புக்காகக் கப்டன் தலையிட்டிருக்கக் கூடாது. கப்டன் ஒரு கணம் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு எடுத்திருந்தால் அந்தப் பறப்பு பிக்கஸ் அல்ல, சாதாரண கோ பைலட் நேரம். அதைப் பிக்கஸ் என்று எழுதுவது பொய்க்கணக்கு. நிறுவனத்தின் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

சிறிய விமானங்களில் கோ பைலட்டாக வேலைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. செஸ்னா 208 காரவான் போன்றவை ஒரே விமானி ஓட்டுவதற்குச் சான்றளிக்கப்பட்டவை. அந்த வகை விமானத்தில் இரண்டாமவரும் இருக்க வேண்டும் என்று அரசு விதித்திருந்தால், ஐகாவோ விதிப்படி கோ பைலட்டின் நேரத்தில் பாதிக்கு மேல் உயர் உரிமத்துக்குக் கணக்கில் வராது. விமானத்தில் இரண்டாம் விமானிக்கான வசதி இருந்து, உண்மையிலேயே இருவர் முறையில் இயக்கப்பட்டால் அரசு முழுவதையும் ஏற்கலாம். ‘ஏற்கலாம்’ என்பதற்கும் ‘ஏற்கும்’ என்பதற்கும் இடையில் நூற்றுக்கணக்கான மணித்தியாலம் தொலைந்துபோகலாம். வேலையில் சேரும் முதல் வாரத்திலேயே அதிகாரசபையிடம் எழுத்தில் கேட்டுப் பதிலைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய உரிமம் நோக்கமென்றால் நிலைமை இன்னும் இறுக்கம். அங்கே 1,500க்குள் 500 மணித்தியாலம் பல விமானி முறையில் பறந்ததாக இருக்க வேண்டும்.

சொற்களின் வரைவிலக்கணமும் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் ஏடிபி சான்றிதழுக்கு (ஏடிபிஎல்லுக்கு அங்கே உள்ள பெயர்) குறுக்குப் பயணம் 500 மணித்தியாலம் கேட்கிறார்கள், ஆனால் புறப்பட்ட இடத்திலிருந்து நேர்கோட்டில் 50 கடல் மைலுக்கு மேல் போயிருந்தால் போதும், அங்கே இறங்கியிருக்கத் தேவையில்லை. நம் ஊர் அளவில் சொன்னால், மட்டக்களப்பிலிருந்து அம்பாறை உகணை ஓடுதளம் சுமார் 22 கடல் மைல். நூறு தடவை போய் வந்தாலும் இந்தக் கணக்கில் சேராது. திருகோணமலை சீனன்குடா சுமார் 58 கடல் மைல். ஒரு தடவை போனாலும் சேரும். கருவி நேரத்திலும் இதே குழப்பம். கருவிப் பறப்பு விதிகளின் கீழ் இரண்டு மணித்தியாலம் பறந்ததால் இரண்டு மணித்தியாலமும் கருவி நேரம் ஆகிவிடாது. வெளியே பார்க்காமல், கருவிகளை மட்டும் நம்பி விமானத்தைக் கட்டுப்படுத்திய நேரம்தான் கருவி நேரம். வானம் வெளுத்திருந்த நாளின் முழுப் பயணத்தையும் அந்த நிரலில் எழுதி வைத்திருப்பவர்களுடைய லொக்புக்கை எக்ஸாமினர் புரட்டும்போதே முகம் மாறிவிடும். ஒரு நிரலில் சந்தேகம் வந்தால் மற்ற எல்லா நிரலையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

சொல்லித்தருபவர் யார்

‘இன்ஸ்ட்ரக்டர்’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எல்லாரையும் ஒரு கூடையில் போடுகிறோம். உரிமத்தில் அது பல வகை. ஐரோப்பிய முறையில் எஃப்ஐ என்பவர் அடிப்படைப் பறப்பைச் சொல்லித் தருபவர், ஐஆர்ஐ கருவிப் பறப்புக்கு, டிஆர்ஐ ஏர்பஸ் ஏ320 போன்ற குறிப்பிட்ட விமான வகைக்கு, எஸ்எஃப்ஐ சிமியுலேட்டரில் மட்டும். ஒருவருக்கு ஒன்று இருப்பதால் மற்றது இருப்பதாக ஆகாது.

புதிதாக எஃப்ஐ ஆனவருக்கும் கட்டுப்பாடு உண்டு. 100 மணித்தியாலம் சொல்லிக்கொடுத்து, மாணவர்களின் தனிப்பறப்பு 25ஐயாவது மேற்பார்வை செய்து முடிக்கும்வரை அவர் மூத்த பயிற்றுநர் ஒருவரின் கீழ்தான் இயங்கலாம். மாணவரின் முதலாவது தனிப்பறப்புக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரமும் அவருக்கு இல்லை. விமானத்தில் யாரும் பக்கத்தில் இல்லாமல் உங்கள் பிள்ளை முதன்முறை மேலெழும் நாளில், ‘போகலாம்’ என்று சொல்லிக் கையெழுத்திட்டவர் யார் என்று கேட்பது உங்கள் உரிமை.

டிஆர்ஐ ஆவதற்கு, பல விமானி வானூர்திகளுக்கென்றால், அப்படிப்பட்ட வானூர்திகளில் 1,500 மணித்தியாலம் பறந்திருக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு முந்திய 12 மாதத்தில் அந்த வகையில் 30 பயணத் துண்டுகள் (ஒரு ஏற்றமும் ஒரு இறக்கமும் சேர்ந்தது ஒரு துண்டு) முடித்திருக்க வேண்டும், அதில் 15 வரை முழு சிமியுலேட்டரில் செய்ததாக இருக்கலாம். எப்போதோ ஓட்டியவர் போதாது, இப்போதும் கை ஓடுகிறவர் வேண்டும் என்பதே அந்த 30இன் பொருள். இது நல்ல விதி. வான்பயணத்தில் பழைய நினைவு ஆபத்தானது. ஒரு விமானத்தின் மென்பொருள் மாறும், நடைமுறை மாறும், சொல்லித்தருபவருக்கு மட்டும் பழையது கைப்பழக்கத்தில் நிற்கும்.

அமெரிக்க விதியில் பிள்ளைகளைக் காக்கும் இரண்டு சிறிய வரிகள் இருக்கின்றன. பயிற்றுநர் 24 மணித்தியாலத்துக்குள் 8 மணித்தியாலத்துக்கு மேல் பறப்புப் பயிற்சி கொடுக்கக் கூடாது. பல எஞ்சின் விமானத்தில் ரேட்டிங்குக்குப் பயிற்சி கொடுக்க வேண்டுமானால் அதே தயாரிப்பு, அதே மாதிரியில் பொறுப்பு விமானியாக 5 மணித்தியாலமாவது பறந்திருக்க வேண்டும். பயிற்சிப் பள்ளியில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தாலே முதல் விதி எங்கே நழுவுகிறது என்று தெரிந்துவிடும். காலை ஆறு மணிக்கு முதல் மாணவர், மாலை ஐந்து மணிக்குக் கடைசி மாணவர், இருவருக்கும் ஒரே பயிற்றுநர் என்றால் கடைசி மாணவருக்குக் கிடைப்பது மிச்சம் மீதி.

ஆகவே பள்ளியைத் தெரிவு செய்யும்போது எத்தனை விமானம் நிற்கிறது என்பதைவிட, பயிற்றுநர் ஒருவருக்கு எத்தனை மாணவர் என்று கேளுங்கள். அவர்களுடைய பயிற்றுநர் சான்றிதழில் எந்த வகை எழுதியிருக்கிறது, எப்போது காலாவதி, பள்ளிக்கு அந்த நாட்டு அதிகாரசபை கொடுத்த அங்கீகாரம் எந்தப் பாடநெறிக்கு, சிமியுலேட்டரின் தகுதிச் சான்றிதழ் எந்தத் தரத்துக்கு என்றும் கேளுங்கள். அங்கீகாரம் இல்லாத கருவியில் செலவழித்த நேரம் விளையாட்டு நேரம்தான். வெளிநாட்டில் எடுத்த உரிமத்தோடு திரும்பி வந்து இங்கே மாற்றும் எண்ணம் இருந்தால், அந்த நாட்டுப் பாடநெறியை ஏற்பார்களா, திரும்பி வந்து எந்தப் பரீட்சைகளை எழுத வேண்டும் என்று போவதற்கு முன்னரே அதிகாரசபையிடம் எழுத்தில் கேட்டுவிட வேண்டும்.

அமெரிக்காவில் கோ பைலட்டுக்கும் 1,500 வந்த கதை

2009 பெப்ரவரி 12 இரவு, அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் 3407 விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் தரையில் ஒருவரும் இறந்தார்கள். வேகம் குறைந்து இறக்கை தூக்குவிசையை இழக்கப்போகிறது என்று கட்டுப்பாட்டுத் தண்டு அதிர்ந்து எச்சரித்தபோது, கப்டன் மூக்கைத் தாழ்த்துவதற்குப் பதிலாகத் தண்டைப் பின்னால் இழுத்தார். விசாரணையில் அவர் முன்னர் பல பரீட்சைகளில் தவறியிருந்தது தெரியவந்தது. இதன் பிறகு 2010இல் அமெரிக்கா சட்டம் இயற்றியது. 2013இலிருந்து அங்கே பெரிய விமான சேவைகளில் கோ பைலட்டுக்கும் ஏடிபி வேண்டும். மற்ற நாடுகளில் சிபிஎல்லோடு வலது இருக்கையில் உட்காரலாம், அங்கே முடியாது.

இதில் ஆழ்ந்து பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. அந்த இரண்டு விமானிகளுக்கும் விபத்தன்று 1,500க்கு மேல் மணித்தியாலம் இருந்தது. அவர்களிடம் இல்லாதது அந்தக் கணத்துக்கான பயிற்சி. சட்டத்தின் நல்ல பகுதி அதனால் எண்ணில் இல்லை, கூடவே வந்த பாடநெறியில் இருக்கிறது. ஏடிபி எழுத்துப் பரீட்சை எழுதுவதற்கு முன்னரே சிடிபி என்ற பாடநெறியை முடித்திருக்க வேண்டும். வகுப்பறையில் 30 மணித்தியாலம்: உயரப் பறப்பு உட்படக் காற்றியக்கம் 8, வானிலை 2, விமான சேவை நடைமுறைகள் 14, தலைமைத்துவமும் குழுப் பணியும் 6. பிறகு பறப்புப் பயிற்சிக் கருவியில் 10 மணித்தியாலம், அதில் குறைந்தது 6 மணித்தியாலம் 40,000 இறாத்தலுக்குக் குறையாத பல எஞ்சின் டர்பைன் விமானத்தைப் போலச் செய்த உயர்தர முழு சிமியுலேட்டரில். சொல்லித்தருபவர் ஏடிபி வைத்திருக்க வேண்டும், விமான சேவையில் குறைந்தது 2 ஆண்டு அனுபவமும் வேண்டும். தூக்குவிசை இழப்பிலிருந்து மீள்வதைப் புத்தகத்தில் படித்தவர் சொல்லித்தருவதற்கும், 35,000 அடியில் மெல்லிய காற்றில் விமானம் எப்படித் தள்ளாடும் என்று கையால் உணர்ந்தவர் சொல்லித்தருவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஐரோப்பாவும் 2019 டிசம்பரிலிருந்து இதே திசையில் வந்து, நிலைகுலைவிலிருந்து மீளும் மேல்நிலைப் பயிற்சியாக 5 மணித்தியால வகுப்பையும் 3 மணித்தியாலப் பறப்பையும் கட்டாயமாக்கியது.

அமெரிக்காவில் முழு ஏடிபிக்கு வயது 23. பல எஞ்சின் எழுத்துப் பரீட்சை 125 கேள்வி, 4 மணித்தியாலம், 70 புள்ளி. பெறுபேறு 60 மாதம் செல்லும். தவறினால் பயிற்றுநர் ஒருவர் மீண்டும் பயிற்சி கொடுத்துக் கையெழுத்து வைத்த பிறகே திரும்ப எழுதலாம்.

ஐரோப்பிய எழுத்துப் பரீட்சைதான் பிள்ளைகளை அதிகம் வாட்டுவது. 13 பாடம், ஒவ்வொன்றிலும் 75 புள்ளி. முதல் பரீட்சை எழுதிய மாத முடிவிலிருந்து 18 மாதத்துக்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். ஒரு பாடத்தில் நான்கு தடவை தவறினால் தேறிய பாடங்களும் சேர்ந்து கரைந்துவிடும், ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். கணிதப் பிரிவில் படித்த நம் பிள்ளைகளுக்கு இதில் பாதி பழக்கமான நிலம்தான். இணைந்த கணிதத்தில் திருப்பம் எடுத்தவருக்கு எடையும் சமநிலையும் என்ற பாடம் புதிதே அல்ல: 60,000 கிலோ விமானத்தில் 600 கிலோ சரக்கை முன் அறையிலிருந்து 10 மீற்றர் பின்னால் மாற்றினால் ஈர்ப்பு மையம் 10 சென்ரிமீற்றர் பின்னால் போகும். காற்றின் கூறு பிரிப்பதும் அப்படியே. 06 ஓடுபாதையில் (அதன் திசை 060 பாகை) 090 திசையிலிருந்து 20 நொட், அதாவது மணிக்கு 20 கடல் மைல், காற்று அடித்தால் கோணம் 30 பாகை, குறுக்குக் காற்று 10 நொட். வாடைக்கும் கச்சானுக்கும் நடுவில் வளர்ந்தவருக்கு இது மூளைக்குள் படமாகவே ஓடும். தடுக்கி விழுவது வான்சட்டத்திலும் நடைமுறைகளிலும்தான். அவை மனனம் கேட்பவை. கேள்வி வங்கியை மட்டும் மனனம் செய்து தேறுகிறவர்களும் இருக்கிறார்கள், பிறகு விமான நிறுவனத்தின் நேர்முகத்தில் ‘ஏன்’ என்று ஒரு சொல் கேட்டதும் நின்றுவிடுகிறார்கள்.

ஆங்கிலத்துக்குத் தனிப் பரீட்சை. ஐகாவோ அளவில் குறைந்தது 4ஆம் நிலை. உச்சரிப்பு, வாக்கிய அமைப்பு, சொல்வளம், சரளம், புரிதல், உரையாடல் என்று ஆறு பகுதி, ஆறிலும் எது குறைவோ அதுவே உங்கள் நிலை. ஐந்தில் 5 எடுத்து உச்சரிப்பில் 3 எடுத்தால் நீங்கள் 3தான். தமிழ் நாக்குக்கு ‘ஃப’வும் ‘ப’வும் கலக்கும் இடத்தில் கவனம் வேண்டும். வானொலியில் ஐந்தை ‘ஃபைஃப்’ என்றும் ஒன்பதை ‘நைனர்’ என்றும் சொல்ல வைத்திருப்பதே அந்த இரண்டும் காதில் ஒன்றாக விழுவதால்தான். 4ஆம் நிலைக்காரர் மூன்று வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் பரீட்சைக்கு உட்பட வேண்டும் என்பது ஐகாவோவின் பரிந்துரை.

எக்ஸாமினர் பக்கத்தில் இருக்கும் நான்கு மணித்தியாலம்

கடைசிப் பரீட்சை பெரும்பாலும் முழு சிமியுலேட்டரில் நடக்கும். விமான வகை ரேட்டிங் பரீட்சையோடு சேர்த்தே ஏடிபிஎல் பரீட்சையையும் வைக்கலாம். நிறுவனத்தில் சேர்ந்தவருக்கு அது தனிச் செலவில்லாத வழி, முன்கூட்டியே கேட்டால் ஏற்பாடு செய்வார்கள். விண்ணப்பதாரி பொறுப்பு விமானியாக இருந்து, பக்கத்தில் ஒரு கோ பைலட்டை வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். ஐரோப்பிய விதியில், அந்த உரிமத்துக்குத் தேவையான பறப்புப் பயிற்சியில் 25 சதவீதத்துக்கு மேல் உங்களுக்குச் சொல்லித்தந்தவர் உங்களைப் பரீட்சிக்கக் கூடாது. ‘சொல்லித்தந்த சேரே பாஸ் போட்டுவிடுவார்’ என்று யாராவது ஆறுதல் சொன்னால், அந்தப் பரீட்சையே செல்லாமல் போகலாம் என்று புரிந்துகொள்ளுங்கள்.

ஓடுபாதையில் வேகம் ஏறுகிறது. ‘வி1’ (புறப்பாட்டைக் கைவிடுவதா என்று முடிவெடுக்கக் கடைசி வேகம்) என்று கோ பைலட் சொல்லி முடித்த கணம், எக்ஸாமினர் பின்னால் இருந்து ஒரு எஞ்சினை நிறுத்திவிடுவார். வி1 தாண்டிவிட்டால் நிறுத்த முடியாது, மேலெழத்தான் வேண்டும். மூக்கு செத்த எஞ்சின் பக்கமாகத் திரும்பும். எதிர்ப்பக்கக் கால் மிதியை, மூக்கு நேராகும் அளவுக்கு மட்டும் அழுத்த வேண்டும். அதிகம் அழுத்தினால் மறுபக்கம் சறுக்கும், அதைத் திருத்தக் கையால் இறக்கையைச் சாய்ப்பார்கள், இழுவை கூடும், வேகம் விழும். மூக்கைத் தூக்கும்போது இரண்டு எஞ்சினும் இருந்த நாளின் கோணத்துக்குக் கை தானாகப் போகும். அங்கே தடுத்து, வி2 வேகம் (ஒரு எஞ்சினோடு பாதுகாப்பாக மேலேறும் வேகம்) நிற்கும் தாழ்ந்த கோணத்தில் பிடிக்க வேண்டும். சக்கரம் மேலே. 400 அடி வரும்வரை எஞ்சின் நெம்புகோலில் யாரும் கை வைக்கக் கூடாது. அதன் பிறகும் எது செத்தது என்று இருவரும் வாய்விட்டுச் சொல்லி உறுதி செய்த பிறகே மூட வேண்டும்.

இந்த வரிசையில் அதிகம் தோற்பவர்கள் கால் பலமில்லாதவர்கள் அல்ல, அவசரப்படுகிறவர்கள்தான். 2015 பெப்ரவரி 4 அன்று தாய்பேயில் டிரான்ஸ்ஏசியா 235இன் இரண்டாம் எஞ்சின் செயலிழந்தது. கப்டன் ஓடிக்கொண்டிருந்த முதலாம் எஞ்சினைக் குறைத்து நிறுத்திவிட்டார். 43 பேர் இறந்தார்கள். சிமியுலேட்டரில் எக்ஸாமினர் உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருப்பது இதற்காகத்தான்.

அளவுகளும் மனதில் இருக்க வேண்டும். உயரம் கூடக்குறைய 100 அடி. திசை 5 பாகை, ஒரு எஞ்சின் போனால் 10. வேகம் 5 நொட். ஒரு எஞ்சினில் மேலே 10 வரை போகலாம், கீழே 5க்கு மேல் விழக் கூடாது. தீர்மான உயரத்தில் ஓடுபாதை தெரியாவிட்டால் திரும்ப மேலேறத் தொடங்குவதில் மேலே 50 அடி வரை சலுகை உண்டு, கீழே ஒரு அடியும் இல்லை. ஐந்து விடயங்கள் வரை தவறினால் அவற்றை மட்டும் திரும்பச் செய்யலாம், அதற்கு மேல் போனால் முழுப் பரீட்சையும் திரும்ப. இரண்டாம் தடவையில் எது தவறினாலும், முதல் தடவை தேறிய விடயமாகவே இருந்தாலும், மீண்டும் முழுவதும்.

இரவு 100 மணித்தியாலம் ஏன் என்று கேட்பவர்கள் நிலா இல்லாத இரவில் மட்டக்களப்பு வாவிக் கரையில் போய் நின்று பார்க்கலாம். நம் விமான நிலையம் புதூர், திமிலைத்தீவுப் பக்கம் வாவியை ஒட்டி இருக்கிறது. இப்படி இருட்டு நீருக்கு மேலால், தூரத்தில் ஓடுபாதை விளக்குகளை மட்டும் பார்த்து இறங்கும்போது, நடுவில் தெருவிளக்கோ வீட்டு விளக்கோ இல்லாததால் கண் ஏமாறும். தான் உயரத்தில் இருப்பதாக விமானிக்குத் தோன்றும். தோன்றியதை நம்பித் தாழ்த்துவார், தண்ணீர் நெருங்கும். இதைக் கருங்குழி மயக்கம் எனலாம். வானம் தெளிந்த இரவில், எல்லாம் நன்றாகத் தெரிகிறது என்ற நம்பிக்கையோடு வருவது. மருந்து எளிய கணக்கு: 3 பாகைச் சரிவில் ஒரு கடல் மைலுக்குச் சுமார் 300 அடி, ஆகவே 3 மைலில் 900, 5 மைலில் 1,500 அடியை ஒட்டி இருக்க வேண்டும். தரைவேகம் 120 நொட் என்றால் ஐந்தால் பெருக்கி, நிமிடத்துக்கு 600 அடி இறக்கம். கண் ஒன்று சொல்லி எண் வேறு சொன்னால் எண்ணை நம்ப வேண்டும். கண்ணை நம்பாமலிருக்கப் பழகுவதற்கு நல்ல பயிற்றுநரோடு பல இரவுகள் வேண்டும். பகலில் எத்தனை மணித்தியாலம் பறந்தாலும் அது வராது.

லொக்புக்கைப் பற்றிக் கடைசியாக. பேனாவால் எழுதுங்கள். பிழை வந்தால் வெள்ளை மை பூசாமல் ஒற்றைக் கோடு போட்டு, சரியானதைப் பக்கத்தில் எழுதி, கையொப்பச் சுருக்கம் வையுங்கள். பயிற்றுநரிடமும் கப்டனிடமும் அன்றன்றே ஒப்பம் வாங்குங்கள், உரிம எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு பக்க முடிவிலும் இரவு, கருவி, குறுக்குப் பயணம், பொறுப்பு விமானி, பிக்கஸ் என்று தனித்தனியாகக் கூட்டி வையுங்கள். 1,400இல் வந்து நின்று இரவு 40 குறைகிறது என்று கண்டுபிடிப்பதைவிட 700இல் கண்டுபிடிப்பது நல்லது. மாதம் ஒருமுறை பக்கங்களைப் படம் எடுத்து வேறு இடத்தில் சேமியுங்கள். நவம்பரிலிருந்து ஜனவரி வரை வெள்ளம் வீட்டுக்குள் வரும் ஊர் நமது. அசல் புத்தகம் பொலித்தீன் உறைக்குள், அலுமாரியின் மேல் தட்டில் இருக்கட்டும்.